பிக் பேண்டை மோசமான அறையில் பதிவு செய்ய: இரண்டு மைக்கா, இருபத்தைந்தா?

பிக் பேண்ட், அதாவது பெரிய ஜாஸ் குழு, என்றால் வழக்கமாக 17 பேர். 5 சாக்ஸபோன், 4 ட்ராம்போன், 4 ட்ரம்பெட், பிறகு பியானோ, கிட்டார், பேஸ், டிரம்ஸ். நல்ல கச்சேரி அரங்கில் இவர்களைப் பதிவு செய்வது பெரிய வித்தை இல்லை. முன்னால் சரியான இடம் பார்த்து இரண்டு மைக்கை உயர்த்தி வைத்தாலே முக்கால்வாசி வேலை முடிந்துவிடும். ஆனால் இத்தகைய குழுக்கள் பாதி நாள் வாசிப்பது அரங்குகளில் அல்ல, கூட்ட அறைகளில். தாழ்ந்த கூரை, எதிரெதிரே மொட்டைச் சுவர், வழவழப்பான தரை, பேச்சுக்குக்கூடப் பொருந்தாத எதிரொலி. அங்கே நேரடி நிகழ்ச்சியைப் பதிவு செய்து, பிறகு கேட்கத் தகுந்த மிக்ஸ் ஒன்றைத் தர வேண்டும் என்றால் என்ன செய்வது?

நான்கு வழிகள் உண்டு. முன்னால் ஒரு ஸ்டீரியோ ஜோடி மட்டும், ஆளுக்கொரு மைக், பிரிவுக்கு (சாக்ஸ், ட்ராம்போன், ட்ரம்பெட் என ஒவ்வொரு வாத்தியக் கூட்டத்துக்கும்) சில மைக்கும் கூடவே ஒரு ஜோடியும், அல்லது அரங்க ஒலிபெருக்கிகளுக்கு ஒலியைக் கலந்து அனுப்பும் மேசையிலிருந்து அப்படியே எடுத்துக்கொள்வது. என் ஓட்டு மூன்றாவதற்கு. ஆனால் அது எல்லா அறைக்கும் பொருந்தும் தீர்ப்பு அல்ல. எந்த அறையில் ஏன் என்பதற்குக் கொஞ்சம் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

அறையை அளந்து பார்ப்போம்

14 மீட்டர் நீளம், 9 மீட்டர் அகலம், 3.2 மீட்டர் உயரக் கூரை என்று ஓர் அறையை வைத்துக்கொள்வோம். கனஅளவு சுமார் 403 கனமீட்டர். ஒலி 60 டெசிபல் அடங்க 1.4 நொடி ஆகிறது என்போம். கனஅளவை அந்த நொடிக் கணக்கால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்து, 0.057-ஆல் பெருக்கினால் 0.97 வரும். அதாவது எல்லாத் திசையிலும் சமமாக ஒலிக்கும் ஒரு வாத்தியத்திலிருந்து 97 சென்டிமீட்டர் தள்ளி நின்றால், வாத்தியத்திலிருந்து நேராக வரும் ஒலியும் அறை திருப்பித் தரும் ஒலியும் சம பலத்தில் இருக்கும். அதைத் தாண்டினால் அறையின் கை ஓங்கும். இது எல்லாத் திசையிலும் கேட்கும் ஆம்னி மைக்குக்கான கணக்கு. முன்பக்கத்தை மட்டும் பெரிதாகக் கேட்கும் கார்டியாய்டு மைக் வைத்தால் இந்தத் தூரத்தை 1.7 மடங்கு, அதைவிடக் குறுகலாகக் கேட்கும் ஹைப்பர்கார்டியாய்டு வைத்தால் 2 மடங்கு நீட்டலாம். அவ்வளவுதான் சலுகை. இந்த அறையில் ஹைப்பர்கார்டியாய்டுக்கே எல்லை 2 மீட்டருக்குள் முடிந்துவிடுகிறது.

முன் வரிசையிலிருந்து 3.5 மீட்டர் தள்ளி ஒரு ஜோடியை நிறுத்தினால், பின் வரிசை ட்ரம்பெட்டுகள் அதற்கு 6 மீட்டருக்கு மேல் தூரத்தில் இருக்கும். எல்லையை எப்போதோ தாண்டியாயிற்று. இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. ட்ரம்பெட்டின் மேல் சுருதிகள் அதன் வாய் பார்த்த திசையில் கற்றையாகப் பாய்பவை. அதனால் அவ்வளவு தூரத்திலும் ட்ரம்பெட் ஓரளவு நேராகவே வந்து சேரும். சாக்ஸபோன் அப்படி அல்ல. அதன் ஒலி வாயிலிருந்து மட்டும் வருவதில்லை, திறந்திருக்கும் துளைகளிலிருந்தெல்லாம் கசிந்து நாலா பக்கமும் பரவுகிறது. முன்னால் உட்கார்ந்திருப்பவர்கள் சாக்ஸ்காரர்கள். குழைந்து கூழாகிப்போவதும் அவர்களேதான். பின்னால் இருக்கும் பித்தளை (ட்ரம்பெட், ட்ராம்போன்) காதைக் கிழிக்கும், முன்னால் இருக்கும் சாக்ஸ் கூட்டம் கம்பளிக்குள்ளிருந்து வாசிப்பது போலக் கேட்கும். மோசமான அறையில் ஜோடி மைக்கை மட்டும் வைத்து எடுத்த பதிவுகள் எல்லாமே ஒரே மாதிரி கெட்டிருப்பதற்குக் காரணம் இதுதான்.

ஜோடி மட்டும்

இருந்தாலும் இந்த வழியைத் தூக்கி எறிய மனம் வருவதில்லை. இரண்டு மைக், இரண்டு ட்ராக், குழுவின் உள்சமநிலை குழுத் தலைவரின் கையில். நல்ல குழுவாக இருந்தால் அவர்களே மிக்ஸ் செய்துகொள்வார்கள். எந்த ஜோடி என்ற கேள்விக்கு, இந்த மாதிரி அறையில் எனக்கு ஆர்டிஎஃப் முறைதான் முதல் தேர்வு: இரண்டு கார்டியாய்டு, நடுவே 17 சென்டிமீட்டர் இடைவெளி, 110 பாகை விரிவு. 1930-களிலேயே ஆலன் ப்ளூம்லைன் சொல்லிவிட்டுப்போன முறை, அதாவது முன்னும் பின்னும் சமமாகக் கேட்கும் இரண்டு எட்டு வடிவ மைக்கைக் குறுக்காக வைப்பது, நல்ல அரங்கில் அற்புதமாக இருக்கும். இங்கே அது பின்சுவரையும் பார்வையாளரின் இருமலையும் முன்புறத்துக்குச் சமமாக வாங்கிக்கொள்ளும். டெக்கா மரம் பற்றிக் கேட்கவே வேண்டாம். 2 மீட்டர் இடைவெளியில் ஆம்னிகளை விரிக்கும் ஏற்பாடு அது. இந்தக் கூரைக்கு அடியில் அதற்கு வேலை இல்லை.

உயரம்தான் பலரும் சறுக்கும் இடம். அரங்கில் பழகியவர்கள் மைக்கை மேலே தள்ளிக்கொண்டே போவார்கள். இங்கே 2.7 மீட்டர் உயரத்தில் மைக்கை வைத்தால் கூரைக்கு அரை மீட்டர்தான் மிச்சம். 3 மீட்டர் தள்ளி, 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரு ட்ராம்போனிலிருந்து நேராக வரும் ஒலி 3.35 மீட்டர் பயணிக்கிறது. கூரையில் பட்டுத் திரும்புவது 3.9 மீட்டர். வித்தியாசம் 55 சென்டிமீட்டர். 312 ஹெர்ட்ஸில் இரண்டும் ஒன்றையொன்று அழிக்கும், பிறகு 936-இல், பிறகு 1560-இல். ட்ராம்போனும் டெனர் சாக்ஸும் குடியிருக்கும் இடம் இதுதான். மைக்கை 1.9 மீட்டருக்கு இறக்கினால் பாதை வித்தியாசம் 1.38 மீட்டராகிறது, முதல் பள்ளம், அதாவது ஒலி அழியும் முதல் இடம், 124 ஹெர்ட்ஸுக்குக் கீழிறங்குகிறது. அதைவிட முக்கியம், கூரையிலிருந்து வருவது நேரொலியைவிட 3 டெசிபலுக்கு மேல் தளர்ந்து வருகிறது, முன்பு 1.3 டெசிபல்தான் தளர்ந்தது. ஆகவே பள்ளங்களும் ஆழம் குறையும். தாழ்ந்த கூரையென்றால் மைக்கையும் தாழ்த்துங்கள், முன்வரிசை ஆட்களின் தலை மட்டுமே தாண்டும் அளவுக்கு.

ஆளுக்கொரு மைக்

கிட்டே வைத்தால் அறை கேட்காது என்பது பொது நம்பிக்கை. ஒரு மைக்குக்கு அது உண்மை. 13 ஊதுவாத்தியத்துக்கு 13 மைக் திறந்திருக்கும்போது, ஒருவர் மட்டும் வாசிக்க மற்ற 12-உம் அறையைக் கேட்டுக்கொண்டிருக்கின்றன. திறந்த மைக்குகள் இரட்டிப்பானால் அறையொலி 3 டெசிபல் ஏறும். 13-க்குப் பதில் 7 வைத்தால் ஏறக்குறைய அதே 3 டெசிபல் மிச்சம். அறையைக் கம்பளம், திரை எல்லாம் போட்டுச் சரிசெய்து 3 டெசிபல் வாங்குவது எவ்வளவு பாடு என்பதை ஒருமுறை முயன்று பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இன்னொன்று, பிக் பேண்டின் பிரிவு ஒலி என்பது ஐந்து சாக்ஸைத் தனித்தனியாகக் கூட்டினால் வருவதல்ல. காற்றில் கொஞ்ச தூரமாவது கலந்த பிறகுதான் அது பிரிவாக ஒலிக்கும். 20 சென்டிமீட்டரில் வைத்த மைக் விசை மூடும் டக்டக் சத்தத்தையும் மூச்சையும் ஒரு பக்கத்துத் துளைகளையும் பிடிக்கும். வாசிப்பவர் ஆர்வத்தில் முன்னால் சாய்ந்தால் அவர் மட்டும் மேலே வருவார். மிக்ஸில் நீங்கள் ஐந்து ஃபேடரோடு (ஒலியளவை ஏற்றி இறக்கும் நெம்புகோல்) மல்லுக்கட்டிக்கொண்டிருப்பீர்கள். அந்தச் சமநிலையை, சாக்ஸ் பிரிவை நடத்தும் லீட் ஆல்டோ சாக்ஸ்காரர் ஏற்கெனவே மேடையில் உங்களுக்காக இலவசமாகச் செய்து கொடுத்திருந்தார்.

பாடகரும் பெரிய ஒலிபெருக்கியும் உள்ள சத்தமான மேடை என்றால் மட்டும் இதற்கு நியாயம் உண்டு. மற்றபடி இந்த வழி அறையை வெல்வதற்கல்ல, பயத்தைத் தணிப்பதற்குத்தான் பயன்படுகிறது என்பது என் எண்ணம்.

பிரிவுக்குச் சில, கூட ஒரு ஜோடி

என் விருப்பமான கணக்கு: சாக்ஸுக்கு 3, ட்ராம்போனுக்கு 2, ட்ரம்பெட்டுக்கு 2, சோலோவுக்கு முன்னால் 1. ரிதம் பக்கம் பேஸுக்கு நேர்க்கம்பி (மைக் இல்லாமல் வாத்தியத்திலிருந்தே நேராக இழுக்கும் இணைப்பு) 1, பியானோவுக்கு 2, கிட்டார் ஆம்புக்கு 1, கிக் டிரம்முக்கு 1, டிரம்ஸின் மேலே 2. இவற்றோடு ஜோடி. மொத்தம் 17 ட்ராக்.

சாக்ஸ் மைக்கை 60 முதல் 80 சென்டிமீட்டர் தள்ளி, விசைகளின் உயரத்துக்கு, கீழ்நோக்கிச் சாய்த்து. இரண்டு பேருக்கு நடுவே ஒன்று, இன்னும் இரண்டு பேருக்கு ஒன்று, பாரிடோன் சாக்ஸுக்குத் தனி. இந்த மைக்குகளுக்கு ஒரு தலைவலி உண்டு. சாக்ஸைப் பார்த்து வைத்த மைக் அதன் பின்னால் நிற்கும் ட்ரம்பெட்டையும் பார்த்துக்கொண்டிருக்கிறது. ட்ரம்பெட்டின் வாய் நேராக இந்த மைக்கை நோக்கித்தான் ஊதுகிறது. 3 மீட்டர் தள்ளி என்றால் கிட்டத்தட்ட 9 மில்லிநொடி தாமதம். நீங்கள் சாக்ஸ் ஃபேடரை ஏற்றினால் ட்ரம்பெட் கடுக்கிறது, இறக்கினால் சாக்ஸ் காணாமல் போகிறது. பிக் பேண்ட் மிக்ஸில் நடக்கும் சண்டைகளில் பாதி இந்த ஒரு கசிவால் வருவது.

இதை மைக்கால் தீர்க்க முயல்வதைவிட நாற்காலியால் தீர்ப்பது எளிது. மூன்று வரிசையை மாற்றி ‘ப’ வடிவத்தில் உட்காரவைக்கச் சம்மதிப்பார்களா என்று கேளுங்கள்: ஒரு பக்கம் சாக்ஸ், எதிர்ப்பக்கம் ட்ராம்போன், நடுவில் பின்னால் ட்ரம்பெட். அப்போது சாக்ஸ் மைக்கின் பக்கவாட்டுதான் ட்ரம்பெட்டைப் பார்க்கும்; மைக்கைக் கொஞ்சம் திருப்பினால் ஹைப்பர்கார்டியாய்டின் செவிட்டுத் திசை, 110 பாகைப் பக்கம் இருப்பது, அங்கே வந்து விழும். ஆனால் குழுத் தலைவர்கள் எளிதில் ஒத்துக்கொள்வதில்லை. லீட் ட்ரம்பெட், லீட் ட்ராம்போன், லீட் ஆல்டோ மூவரும் நேர்கோட்டில் இருந்தால்தான் மற்றவர்கள் அவர்களைக் கேட்டுத் தொடர முடியும் என்பார்கள். அது நியாயமான வாதம். வடிவத்தை மாற்றினாலும் மாற்றாவிட்டாலும் குழுவை மூலையில் மட்டும் ஒட்ட வைக்காதீர்கள். மூலையில் டிரம்ஸ் வைத்தால் கிக் டிரம்மின் கீழொலி வீங்கும், யாராலும் குறைக்க முடியாது.

ட்ரம்பெட்டுக்கு ரிப்பன் மைக் (மெல்லிய உலோக நாடாவால் ஒலியைப் பிடிப்பது) வைப்பதற்குப் பழைய பழக்கம் மட்டும் காரணம் அல்ல. ரிப்பனின் எட்டு வடிவம் இரு பக்கமும் மட்டுமல்ல, மேலேயும் கீழேயும் செவிடு. தாழ்ந்த கூரைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி வேறு இல்லை. கூரையும் தரையும் அதற்குக் கேட்பதே இல்லை. பின்பக்கம் திறந்திருக்கிறதே என்று கேட்கலாம். உண்மைதான், பின்னால் ஒலிபெருக்கி இருந்தால் ரிப்பனை மறந்துவிடுங்கள். கோல்ஸ் 4038, ராயர் ஆர்-121 போன்ற ரிப்பன்கள் கிடைக்காத இடத்தில் சென்ஹைசர் எம்டி 421, ட்ராம்போனுக்கு எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20 போதும். கண்டென்சர்தான் கையில் இருக்கிறது என்றால் அதன் 10 டெசிபல் பேடை, அதாவது ஒலியைக் குறைத்து வாங்கும் பொத்தானை, தட்டிவிட மறக்க வேண்டாம். ட்ரம்பெட் வாயருகே அழுத்தம் 130 டெசிபலையும் தாண்டும்.

மேசையிலிருந்து எடுத்தால்?

ஒலிபெருக்கி மேசையின் ஸ்டீரியோ வெளியீட்டை மட்டும் பதிவு செய்தால் கிடைப்பது தலைகீழ் மிக்ஸ். சின்ன அறையில் ட்ரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் ஒலிபெருக்கி தேவையில்லை, ஆகவே மேசையில் அவை இருக்காது. பாடகர், பியானோ, சோலோ மட்டும் பெரிதாகக் கேட்கும். 13 ஊதுவாத்தியமும் எங்கோ பக்கத்து அறையில். இதை நிகழ்ச்சிப் பதிவு என்று சொல்வதே கடினம்.

அதே மேசை டிஜிட்டலாக இருந்து, ஒவ்வொரு சேனலையும் தனி ட்ராக்காகக் கொடுத்தால் கதை வேறு. பெஹ்ரிங்கர் எக்ஸ்32 போன்றவை யுஎஸ்பி வழியே 32 ட்ராக் தருகின்றன. அப்போது இரண்டே நிபந்தனை: ட்ராக் ஃபேடருக்கு முன்பிருந்து, கம்ப்ரஸருக்கும் (ஒலியின் ஏற்ற இறக்கத்தைச் சுருக்குவது) ஈக்யூவுக்கும் (அலைவரிசைகளைக் கூட்டிக் குறைப்பது) முன்பிருந்து எடுக்கப்பட வேண்டும், சவுண்ட் செக்குக்குப் பிறகு கெயினை, அதாவது மைக் ஒலி உள்ளே வரும் அளவை, யாரும் தொடக்கூடாது. மேசைக்காரர் நடுவில் கெயினைத் திருப்பினால் அது உங்கள் ட்ராக்கிலும் ஒரு படிக்கட்டாக வந்து நிற்கும். அவரிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். 24 பிட்டில் உச்சம் மீட்டரில் -12 டெசிபலைத் தொடாமல் பார்த்துக்கொண்டால் போதும். ஒத்திகையைவிட நிகழ்ச்சியில் பித்தளைக்காரர்கள் எப்போதும் பலமாக ஊதுவார்கள்.

ஒத்திகையைச் சொன்னதால் இதையும் சொல்லிவிடுகிறேன். சவுண்ட் செக்கையும் முழுதாகப் பதிவு செய்யுங்கள், அதே மைக், அதே இடம். நிகழ்ச்சியில் ஏதேனும் ஒரு பகுதி கெட்டால் ஒட்டுப்போட அது உதவும். 1956 நியூபோர்ட் விழாவில் டியூக் எலிங்டனின் ஜாஸ் குழு வாசித்தபோது அதன் டெனர் சாக்ஸ்காரர் பால் கான்ஸால்வெஸ் தம் பெரிய சோலோவைக் கொலம்பியா நிறுவனத்தின் மைக்கில் வாசிக்காமல் பக்கத்திலிருந்த வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலியின் மைக்கில் வாசித்துவிட்டார். அந்த ஆண்டு வெளிவந்த இசைத்தட்டின் பெரும்பகுதி பிறகு ஸ்டூடியோவில் வாசித்துச் சேர்த்தது. வானொலியின் நாடா பல பத்தாண்டுகள் கழித்துக் கிடைத்து, 1999-இல் இரண்டு பதிவையும் இணைத்து ஸ்டீரியோவாக வெளியிட்டார்கள். இரண்டாவது பதிவு ஒன்று ஓடிக்கொண்டிருந்ததால்தான் அது சாத்தியமானது.

மிக்ஸ் மேசையில்

இங்கும் இரண்டு பாதை. ஜோடியை முதலில் ஏற்றி, அதில் குறைவதை மட்டும் பிரிவு மைக்குகளால் நிரப்புவது ஒன்று. நல்ல அறைக்கு அதுதான் முறை. மோசமான அறையில் அதைத் தலைகீழாகச் செய்யுங்கள். பிரிவு மைக்குகளால் முழு மிக்ஸையும் கட்டிவிட்டு, ஜோடியைக் கடைசியில், 250 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டி, கேட்டும் கேட்காமல் ஏற்றுங்கள். அணைத்தால் மட்டும் இல்லாதது தெரிய வேண்டும்.

ஜோடிக்கு ஏற்பப் பிரிவு மைக்குகளைத் தாமதப்படுத்த வேண்டுமா? 3.5 மீட்டருக்குச் சுமார் 10 மில்லிநொடி. ஜோடி ஆதாரமாக இருந்தால் கட்டாயம். ஜோடி 12 டெசிபல் கீழே இருந்தால் நான் தொடுவதில்லை. பிந்தி வரும் அந்த ஒலி, சுவரில் பட்டு முதலில் வரும் நல்ல எதிரொலி போலவே வேலை செய்கிறது.

கீழ்வெட்டு வடிகட்டியைக் கண்ணை மூடிக்கொண்டு எல்லா ட்ராக்கிலும் ஒரே எண்ணில் வைக்கக்கூடாது. ஆல்டோவின் அடிச்சுரம் 139 ஹெர்ட்ஸ், டெனருடையது 104, ட்ரம்பெட்டுடையது 165. ஆகவே ட்ரம்பெட்டிலும் ஆல்டோவிலும் 120 வரை தாராளமாக வெட்டலாம், பேஸ் கசிவு பெரும்பகுதி அங்கேயே ஒழியும். பாரிடோன் மட்டும் 65 வரை இறங்கும். அதை 100-இல் வெட்டினால் மொத்தக் குழுவும் காலில்லாமல் மிதக்கும்.

பேஸுக்கு இந்த அறையில் ஒரு தனிச் சாபம் உண்டு. 3.2 மீட்டர் உயரக் கூரை 54 ஹெர்ட்ஸில் முழங்கும். 9 மீட்டர் அகலத்தின் மூன்றாவது அலை 57-இல் வந்து சேரும். டபுள் பேஸின் ஏ கம்பி 55 ஹெர்ட்ஸ். அந்தக் கம்பியைச் சும்மா தொட்டாலே அறை எழுந்து நிற்கும், பக்கத்துச் சுரங்களோ சாதாரணமாகத்தான் இருக்கும். திரை போட்டால் அடங்காது. 55 ஹெர்ட்ஸின் அலைநீளம் 6 மீட்டருக்கு மேல். இதனால்தான் பேஸுக்கு நேர்க்கம்பி என்றேன். ஒலி அழகில் மைக்கைவிட அது ஒரு படி கீழேதான், ஆனால் அதற்கு அறையே தெரியாது. மற்ற ட்ராக்குகளில் ஏறியிருக்கும் 55-ஐ டைனமிக் ஈக்யூவால், அந்தச் சுரம் வரும்போது மட்டும், அமுக்கினால் போதும்.

எதிரொலியை நீக்கும் மென்பொருள்கள் இப்போது நன்றாகவே இருக்கின்றன, அறிவிப்பாளரின் பேச்சுக்கு. ஜோடி ட்ராக்கில் போட்டால் சிம்பலின் வால் நீரில் கரைவது போல நெளியும். அறையின் எதிரொலியை எடுக்க முயல்வதைவிட அதன் மேல் நல்ல ரிவெர்ப் (செயற்கை எதிரொலி) ஒன்றைப் போர்த்துவது சுலபம்: அறையைவிடச் சற்று நீளமாக, 1.8 நொடி, தொடங்குமுன் 25 மில்லிநொடி தாமதம், கீழே 200 ஹெர்ட்ஸ் வரை வெட்டி. ஒன்றே ஒன்று, எல்லாப் பிரிவுக்கும் அதே. மொத்தத்துக்குமான கம்ப்ரஸர் 2:1-இல் ஒன்றிரண்டு டெசிபலுக்கு மேல் அசைந்தால் அறை ஒவ்வொரு அடிக்கும் பின்னால் மூச்சு வாங்கத் தொடங்கும். சோலோக்களைக் கையால் ஏற்றி இறக்குங்கள்.

கையில் 8 சேனல்தான் இருக்கிறது என்றால்? ஜோடிக்கு 2, சாக்ஸுக்கு 2, ட்ராம்போனுக்கு 1, பேஸ் நேர்க்கம்பி 1, பியானோ 1, சோலோ 1. ட்ரம்பெட்டுக்கும் டிரம்ஸுக்கும் எதுவும் இல்லை. அவை மற்ற ஏழு மைக்கிலும் அழைக்காமலே வந்து உட்கார்ந்திருக்கும். இன்னும் இரண்டு சேனல் கிடைத்தால் முதலில் கிக் டிரம்முக்கு, அடுத்து பாரிடோனுக்கு.